இலங்கையும் மொரீசியஸும்: இரு தீவுகளின் முதலீட்டை ஒப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பகுதிகளில் ஏராளமாக வாழ்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில்தான் இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் கொழுந்து பறித்தார்கள். 2022இல் இலங்கை கடன் கட்ட முடியாமல் நின்றபோது, நுவரெலியாவிலும் அட்டனிலும் உறவினர்களைக் கொண்ட இந்த வீடுகளில் பலரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: அந்த நாடு முதலீடு செய்யவில்லையா, செய்தும் வீணாயிற்றா? கோத்தகிரியில் பொருளாதாரம் படிக்கும் மாணவர்களுக்கு மாலை நேரங்களில் பாடம் சொல்லிவரும் நான், அவர்கள் இதையொட்டிக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்துள்ளேன்.

இலங்கையோடு ஒப்பிட மொரீசியஸை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

இரண்டும் இந்தியப் பெருங்கடல் தீவுகள். இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சியில் தோட்டப் பயிரை நம்பி வளர்ந்தவை. இலங்கைக்குத் தேயிலை, மொரீசியஸுக்குக் கரும்பு. இரண்டு நாட்டுத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுபோனார்கள். இன்றும் இரண்டு நாட்டு ரூபாய்த் தாள்களிலும் தமிழ் எழுத்து இருக்கிறது. இலங்கை 1948இலும் மொரீசியஸ் 1968இலும் விடுதலை பெற்றன. தொடக்கம் இவ்வளவு ஒத்திருப்பதால், பின்னால் வந்த வேறுபாடுகளுக்குக் காரணம் தேடுவது எளிது.

ஆனால் அளவு ஒத்ததன்று. இலங்கையின் மக்கள்தொகை சுமார் 2.2 கோடி, மொரீசியஸின் மக்கள்தொகை சுமார் 12.6 லட்சம். இலங்கையில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடந்தது போன்ற உள்நாட்டுப் போர் மொரீசியஸில் நடக்கவும் இல்லை. இந்த இரண்டையும் ஒப்பீடு முழுக்க மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

முதலீடு என்று எதை எடுத்துக்கொள்வது?

நாட்டுக் கணக்கில் இதற்கு மொத்த மூலதன ஆக்கம் என்று பெயர். அதில் பெரும்பகுதி மொத்த நிலை மூலதன ஆக்கம்: கட்டடம், சாலை, அணை, எந்திரம், வாகனம், மென்பொருள் போன்று ஓராண்டுக்கு மேல் உற்பத்திக்குப் பயன்படும் பொருள்கள். அதனுடன் சரக்கிருப்பில் ஏற்படும் கூடுதல் குறைவையும் சேர்த்தால் மொத்த மூலதன ஆக்கம் கிடைக்கும்.

நம் மலையிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு சிறு தேயிலை விவசாயி அரை ஏக்கரில் வயதான செடிகளை வேரோடு பிடுங்கி, மண்ணைச் சில மாதம் ஆறப்போட்டு, புதிய குளோனல் நாற்றுகளை நடுகிறார். முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு அந்த நிலத்திலிருந்து சொல்லும்படியான பசுந்தேயிலை வராது. நாற்றுக்கும் குழிக்கும் களைக்கும் கூலிக்கும் அந்த ஆண்டுகளில் அவர் செய்யும் செலவு, செடி பறிப்புக்கு வரும்வரை, நாட்டுக் கணக்கில் மூலதன ஆக்கமாகவே பதிவாக வேண்டும். அதே விவசாயி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யும் கவாத்தும், பருவந்தோறும் போடும் உரமும் நடப்புச் செலவு. தொழிற்சாலையில் தூளாக்கப்பட்டு, குன்னூர் ஏலத்தில் விலைபோகாமல் மூட்டையிலேயே கிடக்கும் தேயிலை, சரக்கிருப்பு. ஒரே செடி சார்ந்த மூன்று செலவுகள் கணக்கில் மூன்று இடங்களுக்குப் போகின்றன.

சமவெளியிலிருந்து ஒருவர் வந்து கோத்தகிரியில் 10 சென்ட் இடம் வாங்கினால், அவரைப் பொறுத்தவரை அது முதலீடு. நாட்டுக் கணக்கில் அது கைமாற்றம் மட்டுமே. அந்த இடத்தில் அவர் எழுப்பும் கட்டடமும் தடுப்புச் சுவரும்தான் மூலதன ஆக்கம். பங்குச் சந்தையில் பழைய பங்கு வாங்குவதும் நகை வாங்கிப் பெட்டியில் வைப்பதும் நிலை மூலதனத்தில் சேராது.

சரக்கிருப்பு எண்கள் ஆண்டுக்காண்டு துள்ளும்; பல சிறு நாடுகளில் அவை கணக்கைச் சரிக்கட்டும் மீதியாகவும் வந்துவிடுகின்றன. ஆகவே இரு நாடுகளை ஒப்பிடும்போது முதலில் நிலை மூலதன ஆக்கத்தையே எடுங்கள்.

அந்நிய நேரடி முதலீட்டு எண்களை வைத்தே ஒப்பிட்டுவிடலாமே?

கூடாது. மொரீசியஸ் விஷயத்தில் இது பெரிய குழப்பத்தில் கொண்டுபோய் விடும்.

இந்தியாவும் மொரீசியஸும் 1982இல் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. 1991க்குப் பின் இந்தியச் சந்தை திறந்தபோது, உலகின் பல பகுதிகளின் பணம் மொரீசியஸில் பதிவான நிறுவனங்கள் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. இந்தியாவுக்கு வரும் அந்நிய நேரடி முதலீட்டில் அந்தச் சிறு தீவு பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்ததற்கு இதுவே காரணம். 2016 மே மாதத்தில் உடன்படிக்கை திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் முதல் வாங்கப்படும் பங்குகளின் மூலதன ஆதாயத்துக்கு வரி விதிக்கும் உரிமை இந்தியாவுக்குக் கிடைத்த பிறகே அந்த ஓட்டம் தளர்ந்தது. அந்தப் பணம் மொரீசியஸின் தலைநகர் போர்ட் லூயிஸில் பதிவேட்டுக்குள் நுழைந்து வெளியேறியதே தவிர, மொரீசியஸில் ஒரு செங்கல்லைக்கூட வைக்கவில்லை. அவ்வாறு கடந்துபோகும் பணத்தைக் கழிக்காத பன்னாட்டு அட்டவணைகளில், மொரீசியஸின் எண் அதன் மொத்தப் பொருளாதாரத்தையே மிஞ்சி நிற்கும்.

உள்ளேயே தங்கும் அந்நிய முதலீட்டிலும் பெரும்பங்கு, 2002க்குப் பின் வெளிநாட்டவருக்கு விற்கக் கட்டப்பட்ட கடலோர மாளிகைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் போயிருக்கிறது. இலங்கையிலோ அந்நிய நேரடி முதலீடு உள்நாட்டு உற்பத்தியில் பெரும்பாலும் 2 சதவீதத்தைத் தாண்டாத சிறு தொகை. அங்கு மூலதன ஆக்கத்தின் பெரும்பகுதி உள்நாட்டுச் சேமிப்பிலும் அரசு வாங்கிய கடனிலும் நடந்தது. இரண்டு நாடுகளிலும் இரண்டு வேறு காரணங்களால் இந்த எண் முதலீட்டு அளவைக் காட்டுவதில்லை.

தொகையை ஒப்பிடாமல் ஏன் சதவீதத்தை ஒப்பிடுகிறோம்?

இலங்கையின் பொருளாதாரம் டாலர் கணக்கில் மொரீசியஸைப் போல ஏறத்தாழ 6 மடங்கு. தொகையை வைத்தால் இலங்கையே எப்போதும் முன்னால் நிற்கும். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்று பார்த்தால், ஒரு நாடு தன் வருமானத்தில் எவ்வளவை எதிர்காலத்துக்கு ஒதுக்குகிறது என்பது தெரிகிறது.

ஆனால் சதவீதமும் முழு உண்மை சொல்லாது. 2019ஐ எடுத்துக்கொள்வோம். இலங்கையில் தலைக்கு உள்நாட்டு உற்பத்தி சுமார் 4,000 டாலர். மொரீசியஸில் சுமார் 11,000 டாலர். இலங்கையின் முதலீட்டு விகிதத்தைத் தாராளமாக 30 சதவீதம் என்று வைத்தாலும் தலைக்கு 1,200 டாலர்தான் வருகிறது. மொரீசியஸின் விகிதம் 20 சதவீதத்தை ஒட்டியே இருந்தும் தலைக்கு 2,200 டாலர் ஆகிறது. விகிதத்தில் பின்தங்கிய நாட்டின் தொழிலாளிதான் கூடுதல் எந்திரத்தோடும் சாலையோடும் வேலை செய்கிறார்.

அந்த இடைவெளியிலும் விலை வேறுபாடு கலந்திருக்கிறது. தறி எந்திரத்தின் விலை இரு தீவுகளிலும் ஏறக்குறைய ஒன்றே. கொத்தனார் கூலியோ இலங்கையில் குறைவு. கட்டுமானம் மிகுந்த முதலீட்டை டாலரில் மாற்றினால் இலங்கையின் எண் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். வாங்கும் திறன் சமநிலை (நாடுகளுக்கிடையிலான விலை வேறுபாட்டை நீக்கிக் கணக்கிடும் முறை) கொண்டு திருத்திய எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

நீண்ட கால வரலாறு என்ன காட்டுகிறது?

1970 முதல் 1977 வரை இலங்கை பூட்டிய பொருளாதாரமாக இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும், 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையானதும், தனியார் முதலீட்டை ஒடுக்கின. அக்காலத்தில் முதலீட்டு விகிதம் 20 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 30 ஆண்டுகளில் முடிக்கத் திட்டமிட்டிருந்த மகாவலி ஆற்று அணைத் திட்ட வேலைகளை ஆறே ஆண்டுகளில் முடிப்பதென்று அரசு இறங்கியது. விக்டோரியா அணைக்கு பிரிட்டன், கொத்மலைக்கு சுவீடன், ரந்தெனிகலைக்கு ஜெர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா என்று உதவி குவிந்தது. 1980 வாக்கில் விகிதம் 30 சதவீதத்தைத் தாண்டியது. அணைகள் முடிந்ததும், 1983இல் தொடங்கிய போரும் சேர்ந்து, அதை மறுபடி 25 சதவீதத்தை ஒட்டி இறக்கின.

மொரீசியஸின் கதை வேறு தாளத்தில் போகிறது. 1970இல் ஏற்றுமதிப் பதப்படுத்தும் மண்டலத்துக்கான சட்டம் வந்தது. 1970களின் நடுவில் உலகச் சர்க்கரை விலை உச்சத்துக்கு ஏறியபோது, 1975இன் லோமே உடன்படிக்கை ஐரோப்பாவில் உறுதியான விலையில் விற்கும் வாய்ப்பையும் தந்தது. தோட்ட முதலாளிகள் அந்த லாபத்தில் ஒரு பகுதியைத் துணி ஆலைகளிலும் ஓட்டல்களிலும் போட்டார்கள். என் பார்வையில் இந்த ஒப்பீட்டின் மிக முக்கியமான திருப்பம் இதுதான்: தோட்ட லாபம் அதே தீவில் வேறு தொழிலாக மாறியது. இலங்கையில் தேயிலையின் உபரி, முதலில் லண்டன் நிறுவனங்களுக்கும், பிறகு வரியாக அரசின் நடப்புச் செலவுக்கும் போய், தோட்டத்தில் மறுநடவுக்குக்கூடப் போதிய அளவு திரும்பவில்லை.

சர்க்கரை விலை சரிந்தபின் மொரீசியஸும் தடுமாறியது. 1979இலும் 1981இலும் நாணய மதிப்பைக் குறைத்தது. 1980களின் தொடக்கத்தில் முதலீட்டு விகிதம் 20 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. பிறகு, துணி ஏற்றுமதிக்கு வரம்பு வைக்கும் கோட்டா இல்லாத இடம் தேடிய ஹாங்காங் முதலாளிகள் வந்தார்கள். 1990 வாக்கில் விகிதம் 30 சதவீதத்தை எட்டியது. 2005 தொடக்கத்தில் உலகத் துணிக் கோட்டா முறை முடிந்தது; அடுத்த ஆண்டு முதல் ஐரோப்பா தன் சர்க்கரை விலையைப் படிப்படியாக 36 சதவீதம் வெட்டத் தொடங்கியது. வங்கி, நிதிச் சேவை, தகவல் தொழில்நுட்பம் ஆகியவை அந்த இடத்தை நிரப்பின. ஆனால் அவற்றுக்கு ஆலைகளைப் போல அவ்வளவு எந்திரம் தேவையில்லை. 2010களின் நடுவில் மொரீசியஸின் விகிதம் 20 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது. அதே ஆண்டுகளில், 2009இல் போர் முடிந்த இலங்கை, துறைமுகமும் விரைவுச் சாலையும் அனல் மின்நிலையமுமாகக் கட்டித் தள்ளியது.

இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று பலமுறை வெட்டிச் செல்கின்றன. ஏதோ ஓர் ஆண்டை மட்டும் எடுத்து யார் முன்னே என்று சொல்பவர்கள் எந்த முடிவையும் நிறுவிவிடலாம்.

ஆண்டு வாரியாகப் பார்ப்பதா, சராசரி எடுப்பதா?

சராசரிதான், குறைந்தது 5 ஆண்டுச் சராசரி. சிறு பொருளாதாரத்தில் ஒரே ஒரு வாங்குதல் கோட்டை மேலே தூக்கிவிடும். மொரீசியஸின் விமான நிறுவனம் 2017இல் ஏர்பஸ் ஏ350 ரக விமானங்களைப் பெறத் தொடங்கியது. இத்தகைய தொகைகள் படத்தையே மாற்றிவிடும் என்பதால், அந்நாட்டுப் புள்ளியியல் துறை விமானமும் கப்பலும் நீங்கலான முதலீட்டு விகிதத்தைத் தனியாகவே வெளியிடுகிறது. மற்ற சிறு நாடுகளும் பின்பற்ற வேண்டிய நல்ல பழக்கம் இது.

அணைகளும் அப்படியே. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு நம் குந்தா நீர்மின் திட்டம் எழுந்தபோது இந்தியாவின் முதலீட்டு விகிதத்தில் அது கண்ணுக்கே தெரிந்திருக்காது. அதே அளவு அணை இலங்கையில் எழுந்தால் சில ஆண்டுகளுக்கு நாட்டின் வரைபடமே மேடாகும்.

உற்பத்தி சரிந்த ஆண்டுகளில் விகிதத்தை எப்படிப் படிப்பது?

கவனமாக. 2020இல் சுற்றுலா நின்றதால் மொரீசியஸின் உள்நாட்டு உற்பத்தி 14 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. கீழே வகுக்கும் எண்ணே சுருங்கும்போது, முதலீடு குறைந்திருந்தாலும் விகிதம் அவ்வளவாகக் குறையாது. இலங்கையின் 2022க்கும் இது பொருந்தும். அங்கு பணவீக்கம் செப்டம்பரில் 70 சதவீதம் அளவுக்குப் போய், இறக்குமதி எந்திரங்களின் விலை ரூபாயில் வெகுவாக ஏறியதால், நடப்பு விலை விகிதம் இன்னும் ஏமாற்றும். இவ்வாண்டுகளுக்கு நிலையான விலையில், அதாவது விலையேற்றத்தை நீக்கிய கணக்கில், முதலீடு எத்தனை சதவீதம் வளர்ந்தது அல்லது சுருங்கியது என்பதைத் தனியே பாருங்கள்.

இவ்வளவு முதலீடு செய்த இலங்கை ஏன் விழுந்தது?

எங்கள் ஊரில் அதிகம் கேட்கப்படுவது இதுவே. விரிவாகச் சொல்ல வேண்டியதும் இதுவே.

ஒரு நாடு முதலிடுவதற்கும் சேமிப்பதற்கும் இடையிலான பள்ளம் எவ்வளவோ, அவ்வளவு அதன் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது வெளிநாடுகளிடம் ஈட்டியதைவிடக் கூடுதலாக வெளிநாடுகளுக்குச் செலுத்திய தொகை. அது கணக்கின் விதி. எந்த அரசாலும் மீற முடியாது. அந்தப் பள்ளத்தை வெளிநாட்டுப் பணம்தான் நிரப்ப வேண்டும். மகாவலி காலத்தில் அது நன்கொடையாகவும் குறைந்த வட்டிக்கு நீண்ட தவணைக் கடனாகவும் வந்தது. 2007இல் இலங்கை முதன்முதலாகப் பன்னாட்டுச் சந்தையில் அரசுப் பத்திரம் விற்று 50 கோடி டாலர் திரட்டியது. அதன்பின் இவ்வகைக் கடன் வளர்ந்து, கடைசியில் வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. இதன் வட்டி கூடுதல்; அசல் முழுவதையும் ஒரே நாளில், டாலரில், திருப்ப வேண்டும்.

இந்தக் கடனைத் திருப்ப டாலர் ஈட்டும் முதலீடு வேண்டும். நடந்ததோ எதிர்த்திசையில். 2000இல் உள்நாட்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்த பொருள், சேவை ஏற்றுமதி, 2010களில் கால் பங்குக்கும் கீழே இறங்கியது. 2010இல் திறந்த அம்பாந்தோட்டைத் துறைமுகமும் 2013இல் திறந்த மத்தள விமான நிலையமும் கட்டப்பட்ட ஆண்டுகளில் முதலீட்டு விகிதத்தை உயர்த்தின; ஆனால் எதிர்பார்த்த கப்பலும் விமானமும் வரவில்லை. துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. கொழும்பு–கட்டுநாயக்க, தெற்கு விரைவுச் சாலைகள் மக்களுக்கு மெய்யாகவே பயன்படுகின்றன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் அவற்றின் சுங்கம் ரூபாயில் வருகிறது, கடன் வேறு நாணயத்தில் போகிறது.

இதன்மேல் 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அரசின் சேமிப்பு மேலும் வற்றியது. பெருந்தொற்றில் சுற்றுலா நின்றது. 2021இல் ரசாயன உரத்துக்குத் தடை விதித்ததில் தேயிலையும் நெல்லும் அடிவாங்கின. 2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் திருப்புவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது.

ஆகவே முதலீடு குறைவு என்பதால் இலங்கை விழவில்லை. யாருடைய பணம், எந்த நாணயத்தில், எத்தனை ஆண்டுத் தவணையில், எதை ஈட்டுவதற்கு என்ற நான்கு கேள்விகளை விகிதம் கேட்பதில்லை. ஒப்பிடுபவர்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் மொரீசியஸ் குறைவாக முதலிட்டதே நல்லதா?

இல்லை. அங்கு சேமிப்பு விகிதமும் கூடவே சரிந்திருக்கிறது. முதலீட்டில் வீடுகளின் பங்கு கூடியிருக்கிறது. 2019 வருமானத்தை வைத்து 2020 ஜூலையில் உலக வங்கி மொரீசியஸை உயர் வருமான நாடாக அறிவித்தது. மறு ஆண்டே அது பழைய நிலைக்கு இறங்கியது. பழைய ஆலைகளும் ஓட்டல்களும் தந்த வலிமையில் ஒரு தலைமுறை ஓடலாம். அடுத்த தலைமுறைக்குப் புதியவை வேண்டும்.

இடிந்ததைத் திரும்பக் கட்டினால் அதுவும் முதலீடா?

ஆம், இது மொத்தக் கணக்கின் பெரிய குறை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலோர வீடுகளும் ரயில் பாதையும் அழிந்தன. அழிந்தவற்றை மொத்த மூலதன ஆக்கத்திலிருந்து யாரும் கழிப்பதில்லை. திரும்பக் கட்டியதெல்லாம் புதிய முதலீடாகப் பதிவானது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து வீடுகளும் சாலைகளும் போனபின் எழுந்த தடுப்புச் சுவர்களுக்கும் இதே கதைதான்.

பழசாகிப் பயனிழப்பதும் மொத்தக் கணக்கில் தெரியாது. ஊட்டி இந்து நகரில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலைக்காக வாங்கிய எந்திரங்கள் அவ்வவ்வாண்டில் மூலதன ஆக்கமாக எண்ணப்பட்டிருக்கும். பிலிம் சுருளின் காலம் முடிந்து ஆலை நின்றபோது, அந்தப் பழைய எண்களை யாரும் திரும்பப் போய் அழிக்கவில்லை; அழிக்கவும் மாட்டார்கள். தேய்மானம் கழித்த நிகர முதலீடு கிடைக்குமானால் அதைப் பாருங்கள்.

எண்களை எங்கிருந்து எடுப்பது?

இலங்கைக்கு மத்திய வங்கியும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களமும். மொரீசியஸுக்கு அந்நாட்டுப் புள்ளியியல் துறை. இரண்டையும் ஒரே அட்டவணையில் பார்க்க உலக வங்கி, பன்னாட்டு நிதியம். எதை எடுத்தாலும் அடிப்படை ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கை 2002, 2010, 2015 என்று அடிப்படையை மாற்றிவந்துள்ளது. ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுகளின் விகிதமே வேறாகிவிடுகிறது. பழைய நூலில் ஒரு பாதியையும் புதிய இணையதளத்தில் மறுபாதியையும் எடுத்து ஒட்டினால், ஒட்டிய இடத்தில் நடக்காத ஒரு ஏற்றமோ இறக்கமோ தோன்றும். இரு நாடுகளின் நாட்டுக் கணக்கும் ஜனவரி–டிசம்பர் ஆண்டுக்கு உரியது. நமது ஏப்ரல்–மார்ச் ஆண்டோடு நேராகப் பொருத்த வேண்டாம்.

இதே கணக்கை நீலகிரி மாவட்டத்துக்குப் போட முடியுமா?

முடியாது. மாவட்ட அளவில் உற்பத்தி மதிப்பீடு உண்டு. மூலதன ஆக்கத்தை அந்த அளவில் தொகுப்பதில்லை. ஒரு மாவட்டத்தின் எல்லையைத் தாண்டி எந்திரம் வருவதும் லாபம் வெளியேறுவதும் எங்கும் பதிவாவதில்லை. மாற்றாகச் சில அடையாளங்களைப் பார்க்கலாம்: மாவட்ட வங்கிகளில் வைப்புத் தொகைக்கு எதிராகக் கொடுத்த கடனின் விகிதம், ஆண்டுதோறும் மறுநடவு செய்யப்பட்ட தேயிலைப் பரப்பு, புதிய தொழில் மின் இணைப்புகள். மூன்றில் ஒன்றைத்தான் தொகுக்க முடியும் என்றால் மறுநடவுப் பரப்பைத் தேர்ந்தெடுங்கள். கிராமம் கிராமமாக விவசாயிகளைக் கேட்டே அதைத் திரட்டிவிடலாம், இலங்கைத் தோட்டங்களின் மறுநடவு எண்களோடு நேராக ஒப்பிடவும் அது உதவும்.